பதினைந்து நாளுக்கு ஒரு டிரிப்ஸ்

2022 நவம்பரில் எங்கள் வீட்டு வரிக்கு இரண்டு செக் போயிருந்தது. ஒரே காலாண்டு, ஒரே தொகை, நான்கு நாள் இடைவெளி. டவுன்ஷிப் அலுவலகத்தில் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பார்த்தே சம்பாதித்தவர். மளிகைக்கடை ரசீதில் நாற்பது சென்ட் உதைத்தால் பாதி வழியிலிருந்து காரைத் திருப்புகிறவர். அந்தக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது யார் போட்ட செக்?" என்று என்னைக் கேட்டார். கையெழுத்து அவருடையது.

அவருக்கு அப்போது 68. வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு இருபது வருடமாகப் போகிற வழியில் எந்த எக்ஸிட் என்று இரண்டாவது முறையாக அவர் கேட்ட பிறகுதான் மகளிடம் சொன்னேன். குடும்ப டாக்டர் முதலில் பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார். மறதிக்குச் சில சமயம் அவையே காரணமாக இருக்குமாம். அதில் ஒன்றும் இல்லை. நியூராலஜிஸ்டைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அல்சைமர் என்கிற இந்த மறதி நோயில் காத்திருப்பதுதான் பெரிய செலவு என்று இப்போது தோன்றுகிறது. இவர் இப்போது டிரிப்ஸில் எடுத்துக்கொள்ளும் லெக்கனமாப் மருந்து ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், வரிசையில் நிற்கும்போதே அந்த நிலையைத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் மறதியை அளக்கும் முப்பது மார்க் பரீட்சை நடந்தது. கடிகாரம் வரையச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். கழித்தலை அவர் தமிழில் முணுமுணுத்து ஆங்கிலத்தில் சொன்னார், எல்லாம் சரி. அப்புறம் மூன்று மிருகப் படம். சிங்கம் சொல்லிவிட்டார். அடுத்த படத்தைப் பார்த்து, "காண்டாமிருகம்" என்றார், சத்தமாக, தெளிவாக. பரீட்சை வைத்த பெண் பேனாவோடு காத்திருந்தாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பெயர் வரவே இல்லை. மொத்தம் 23. காண்டாமிருகத்துக்கு மார்க் போட்டாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து உண்டா இல்லையா என்று முடிவாகிறது. மார்க் மிகவும் குறைந்தால் நோய் முற்றிவிட்டது என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவருக்கும் முதலில் நழுவுவது பின்னால் வந்த மொழிதான் போலிருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்துதர வேண்டும், அது சட்டம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள். 'அவர் நன்றாக இங்கிலீஷ் பேசுவாரே' என்று நாமே பெருமையாகச் சொல்லிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அப்படித்தான் சொன்னேன்.

மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்திருக்கிறது என்று உறுதியாகாமல் இந்த மருந்தைத் தொடமாட்டார்கள். அதற்கு பெட் ஸ்கேன் எடுக்கலாம், அல்லது முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்கலாம். நாங்கள் ஸ்கேன் எடுத்தோம். 2025 மே மாதம் ஓர் இரத்தப் பரிசோதனைக்கும் இங்கே அனுமதி கிடைத்துவிட்டதால், இனி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் குறையலாம். அதோடு ஒரு எம்ஆர்ஐ எடுத்து, ஏற்கெனவே மூளையில் பொட்டுப்பொட்டாக இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான்குக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்பார்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பெரும்பாலான டாக்டர்கள் கொடுப்பதில்லை. அவருக்குக் கசிவு ஒன்றுமில்லை.

ஜீன் பரிசோதனை வேறு கதை. ஏபிஓஇ4 என்று ஒரு ஜீன் வகை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அது வந்து இரண்டு பிரதி இருந்தால் இந்த மருந்தில் மூளை வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். பெரிய ஆய்வில் இரண்டு பிரதி உள்ளவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது, ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9, ஒன்றுமே இல்லாதவர்களில் 5.4. இவருக்கு ஒரு பிரதி. டாக்டருக்கு அது மருந்துக் கணக்கு. எங்கள் வீட்டில் அன்று இரவு அது பிள்ளைகள் கணக்காகிவிட்டது. அப்பாவிடமிருந்து அந்தப் பிரதி மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனுக்கும் அப்படியே. மகள் உடனே டெஸ்ட் எடுக்கிறேன் என்றாள். மகன் அந்தப் பேச்சே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டான். இதில் நான் கற்றது ஒன்று: ஜீனைக் காட்டி மருத்துவக் காப்பீடோ வேலையோ மறுக்கக் கூடாது என்று இங்கே 2008ல் சட்டம் வந்தது, ஆனால் ஆயுள் காப்பீட்டுக்கும், முதுமையில் பார்த்துக்கொள்வதற்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அது பொருந்தாது. ஆகவே பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் கொடுத்துவிட்டு அப்புறம் பேசினோம்.

2023 டிசம்பரில் டாக்டர் லெக்கனமாப் பற்றி விளக்கினார். ஐசாய், பயோஜென் கம்பெனிகளின் மருந்து, கடைப்பெயர் லெக்கெம்பி, அந்த வருடம் ஜூலையில்தான் முழு அனுமதி கிடைத்திருந்தது. ஆன்டிபாடி என்றால் உடம்பு கிருமியைப் பிடிக்கச் செய்துகொள்ளும் புரதம். இது தொழிற்சாலையில் செய்தது, கிருமிக்குப் பதில் மூளையில் சேரும் அமிலாய்டைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூளையின் துப்புரவு உயிரணுக்கள் அதை அள்ளிவிடும். சிக்கல் என்னவென்றால் அமிலாய்ட் இரத்தக்குழாய்ச் சுவரிலும் ஒட்டியிருக்கும். அங்கிருந்து பெயர்க்கும்போது குழாய் கசியும். அதைத்தான் ஆரியா என்கிறார்கள். ஒன்று நீர் கசிந்து வீக்கம், இன்னொன்று இரத்தக் கசிவு.

பலன் எவ்வளவு என்று கேட்டோம். 1,795 பேரை வைத்து 18 மாதம் நடந்த ஆய்வில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்றார். கணக்கர் விடுவாரா? "எந்த அளவுகோலில்?" என்றார். 18 வரை போகும் ஓர் அளவுகோல், எண் கூடக்கூட நோய் அதிகம். மருந்து எடுக்காதவர்கள் 1.66 கூடினார்கள், எடுத்தவர்கள் 1.21 கூடினார்கள். வித்தியாசம் 0.45. "பதினெட்டில் அரை கூட இல்லை. நான் ரவுண்ட் ஆஃப் பண்ணி விட்டுவிடுவேன்" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். 18 மாதத்தில் வரவேண்டிய சரிவு சுமார் ஐந்து மாதம் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம், நின்றுவிடாது, போனது திரும்பாது என்றும் சொன்னார்.

காரில் வரும்போது இவர் சொன்னார்: "அஞ்சு மாசம்னா ஒரு டாக்ஸ் சீசனை விட ஜாஸ்தி." அவ்வளவுதான், முடிவு எடுத்துவிட்டார். எனக்கு அரை மனசுதான். ஆனால் அவராக முடிவெடுக்கக்கூடிய நாட்களில் அவர் எடுத்த முடிவு அது, அதில் நான் கை வைக்கவில்லை. நாடுகளே இதில் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் 2024 ஆகஸ்டில் ஓர் அமைப்பு மருந்துக்கு அனுமதி கொடுத்த அதே நாளில், செலவுக்கேற்ற பலன் இல்லை, அரசு மருத்துவத்தில் வேண்டாம் என்று இன்னோர் அமைப்பு வரைவு அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பாவில் முதலில் மறுத்தார்கள். அப்புறம் ஜீன் இரண்டு பிரதி உள்ளவர்களை விலக்கிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

பணம். இங்கே மருந்தின் விலை மட்டும் வருடத்துக்கு 26,500 டாலர் என்று அறிவித்திருந்தார்கள், ஸ்கேனும் டிரிப்ஸ் கூலியும் தனி. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கிறது, நோயாளி விவரத்தை டாக்டர் ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மீதி 20 சதவீதம் என்பது மருந்துக்கு மட்டுமே 5,300 டாலர். 65 வயதில் நாங்கள் துணைக் காப்பீடு எடுத்திருந்தோம், தப்பித்தோம். அந்த வயதைத் தாண்டிய பிறகு வாங்கப் போனால் பல மாநிலங்களில் உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்டு மறுக்கலாம். அறுபத்தைந்தை நெருங்குகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

2024 பிப்ரவரியில் முதல் டிரிப்ஸ். போனதும் எடை பார்ப்பார்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு, 71 கிலோவுக்கு 710. எடையும் காய்ச்சலும் பார்த்த பிறகுதான் மருந்தைக் கலக்கவே சொல்வார்கள், அதனால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். மருந்து ஏறுவது ஒரு மணி நேரம்தான். அவருக்கு நரம்பு கிடைக்காது. இடது கையில் இரண்டு குத்து, வலது கையில் ஒன்று. மூன்றாவது தடவைதான் ஒரு பிலிப்பினோ நர்ஸ் சொன்னார்: முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்கவையுங்கள், வந்ததும் கையில் வெந்நீர்ப் பை வையுங்கள். அன்றிலிருந்து ஒரே குத்து. இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. மூன்று போர்வை போட்டும் பல் கிட்டியது, காய்ச்சல் 101. மகள் ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்கிறாள். கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தோம், மருந்து ஏற்றியதற்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான், டைலனால் (பாராசிட்டமால்) கொடுங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் வாருங்கள் என்றார்கள். காலையில் எழுந்து காப்பி கேட்டார். ஆய்வில் நாலில் ஒருவருக்கு இப்படி வந்தது, பெரும்பாலும் முதல் டிரிப்ஸில். முதல் தடவை போகிறவர்கள் அன்று இரவு வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையிலிருந்து டைலனாலும் அலர்ஜி மாத்திரையும் முன்கூட்டியே கொடுத்தார்கள், குளிர் வரவில்லை.

ஐந்தாவது, ஏழாவது, பதினாலாவது டிரிப்ஸுக்கு முன் எம்ஆர்ஐ என்பது அப்போதைய ஏற்பாடு. 2025 ஆகஸ்டிலிருந்து மூன்றாவதற்கு முன்பும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்துக்கு முன் எடுத்தது சுத்தம். ஏழுக்கு முன் எடுத்ததன் ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனில் வந்து விழுந்தது, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே. இங்கே இப்போது எல்லாமே அப்படித்தான். 'வலது பக்கம் பின்புறம் எடிமா' என்று இருந்தது, எடிமா என்றால் வீக்கம். பக்கத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார், நான் விடிய விடியக் கூகுளில் வாசிக்கிறேன். தலைவலி இல்லை, தடுமாற்றம் இல்லை, ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை டாக்டர் பேசியது பத்து நிமிஷம்: ஆரியா, நடுத்தர அளவு, அறிகுறி இல்லை, மருந்தை நிறுத்திவைப்போம், தானாக வடியும். ஆரியா வருகிற பலருக்கு அறிகுறியே தெரியாது, அதனால்தான் இத்தனை ஸ்கேன் என்றார். வடிய மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தோம். வார இறுதியில் ரிப்போர்ட்டைத் திறக்க மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அதை இரண்டு தடவை மீறியும் இருக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கிலி பிடித்தது ஆரியாவால் அல்ல. அந்த அக்டோபரில் ஒரு ராத்திரி தலைவலி என்றார், பேச்சும் கொஞ்சம் குழறுவது போல இருந்தது. பக்கத்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் டாக்டர் ஸ்ட்ரோக்காக இருக்கலாம் என்று பரபரவென்று ஏற்பாடு செய்தார். லெக்கனமாப் என்றேன், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். இந்த மருந்தில் இருப்பவருக்கு ஸ்ட்ரோக் என்று நினைத்து இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் மூளையில் பெரும் இரத்தப்போக்கு வரலாம். அப்படி இறந்தவர் பற்றி மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. ஆரியா வீக்கமே ஸ்ட்ரோக் மாதிரி வேஷம் போடும், சிடி ஸ்கேனில் அது சரியாகத் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். இவை எல்லாம் எழுதிய ஒரு அட்டை எங்கள் நியூராலஜிஸ்ட் கொடுத்திருந்தார். அட்டை எங்கே? குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தத்துக்கு அடியில். மகன் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். அவர்கள் எங்கள் டாக்டரை எழுப்பிப் பேசி, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. இப்போது அட்டை நான்கு பிரதி: அவர் பர்ஸ், என் பர்ஸ், கார், மகள் போன்.

எமர்ஜென்சிக்குப் போகும்போது மருந்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. "மூளையில் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய அல்சைமர் ஊசி" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் கும்பகோணத்தில் நாத்தனார் மகன் கல்யாணம். போகவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு டிரிப்ஸ் என்றால் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டின மாதிரிதான், கயிறு எட்டுகிற தூரம்தான் மேய்ச்சல். போய்விட்டு வந்திருக்கலாமோ என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்று அவருக்கு அங்கே எல்லார் பெயரும் தெரிந்திருக்கும். இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு 2024 ஜூலையில் அனுமதி பெற்ற டொனனமாப் இருக்கிறது. மாதம் ஒரு தடவை, அரை மணி நேரம், அமிலாய்ட் சுத்தமாகிவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் அதன் முதல் பெரிய ஆய்வில் வீக்கம் 24 சதவீதம் பேருக்கு வந்தது. ஆரம்ப அளவைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றினால் அது 14க்கு வந்தது என்று அப்புறம் மாற்றியிருக்கிறார்கள். எது மேல் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரிடம் கேட்கும்போது காலண்டரையும் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொல்வேன். எங்களுக்கும் 2025 அக்டோபரிலிருந்து மாதம் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். போன தையில் மூன்று வாரம் கும்பகோணம் போய்வந்தோம். அங்கே ஒரு சித்தி, நோய் முற்றிப் படுக்கையில் இருக்கிறார். "உனக்கு வர்ற மருந்துல ரெண்டு பாட்டில் கொண்டு வரக்கூடாதா?" என்று அவர் மகள் கேட்டாள். அந்த நிலையில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஸ்கேன் இல்லாமல் கொடுப்பது ஆபத்து என்று விளக்கினேன். அவள் முகத்தைப் பார்த்தால், கொடுக்க மனமில்லாமல் சொல்கிறேன் என்று நினைத்த மாதிரிதான் இருந்தது.

எல்லாரும் கேட்கிற கேள்வி, "இம்ப்ரூவ்மென்ட் தெரியுதா?" கடைசி பெட் ஸ்கேனில் அமிலாய்ட் கிட்டத்தட்ட இல்லை, டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அதே மாதம் எடுத்த பரீட்சையில் 20, இந்தத் தடவை தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு. செக் புத்தகம் என்னிடம் வந்துவிட்டது, கார் சாவியும். ரம்மி இன்னும் ஆடுகிறார், பாயின்ட் எழுதுவது நான். மருந்து இல்லாமல் இருந்தால் இன்று எப்படி இருந்திருப்பார்? அந்த இன்னொரு அவர் எங்கேயும் இல்லை, பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க. சரிவு மெதுவானதை வீட்டில் யாரும் கண்ணால் பார்க்க முடியாது, சரிவு மட்டும்தான் தெரியும். அதனால் பலன் தெரிகிறதா என்று நான் தேடுவதை விட்டுவிட்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நல்ல நாள், கெட்ட நாள் என்று தலைப்புக் கொடுப்பதில்லை. டாக்டரிடம் போகும்போது அதுதான் பேசுகிறது, என் மனநிலை அல்ல.

எப்போது நிறுத்துவது என்பதை முதல் டிரிப்ஸுக்குப் பத்து நாள் முன்பே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீலிடம் பவர் ஆஃப் அட்டர்னி கையெழுத்துப் போடப் போனபோது, கூட ஒரு தாளில் தன் கையால் எழுதினார். இதைத் தாமதிக்காமல் செய்யுங்கள், கையெழுத்துக்கு மதிப்பு இருக்கும்போதே. அவர் எழுதியது இவ்வளவுதான்: 'எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியாத நாளில் இந்த ஊசியை நிறுத்திவிடவும்.'

அதனால் டிரிப்ஸ் நாளில் பெல்ட் போட்டுவிட்டு, வண்டியை எடுக்கும் முன் கேட்பேன். "எங்கே போறோம் சொல்லுங்க?" ஆரம்பத்தில் மருந்துப் பெயர், எத்தனையாவது தடவை, போன தடவை எத்தனை குத்து என்று எல்லாம் சொல்வார். அப்புறம் "மூளைக்கு ஊசி" என்றார். போன வாரம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எடை பார்க்கிற இடத்துக்கு" என்றார்.

கிண்டலா, அவ்வளவுதான் நினைவிருக்கிறதா, எனக்குப் புரியவில்லை. வாயோரத்தில் ஏதோ சிரிப்பு மாதிரி இருந்தது. நோட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, வண்டியை எடுத்தேன்.